ஆர்டிஸின் ஜெல்லி அச்சு

ஆர்டிஸ் டாலெஃப்சனுக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டு வரும், ஜெபம் வரும், அடுத்தவள் சமையலில் உப்புக் குறைந்திருந்தால் அதைச் சொல்லாமல் சொல்லவும் வரும். தனக்கென்று ஒன்று வேண்டுமானால் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். காலமெல்லாம் அவளோடு ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவியவள் நான். அவளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி தேவாலயப் பெண்கள் சங்கம் என் தலையில் கட்டிவிட்டது. எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் முதலில் வருகிறது. பாசம் அப்புறம் வரும், பொறுங்கள்.

எங்கள் சின்ன ஊரான ஸ்டோர்விக்கில் யார் வீட்டுச் சாவானாலும் சாப்பாடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான். ஆராதனை முடிந்து எல்லோரும் படியிறங்கி வரும்போது நீள மேஜை தயாராக இருக்க வேண்டும். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, நூடுல்ஸ், ஊறுகாய், கேக், காபி, ஜெல்லி சாலட். யாருடைய பாத்திரம் மேஜையில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாலே யாருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். ஊறுகாய்ப் பக்கம் புது மருமகள்கள். நடுவில், குழல்விளக்குக்கு நேர் கீழே, ஆர்டிஸின் பச்சை ஜெல்லி. உள்ளே துருவிய கேரட்டும் அன்னாசித் துண்டும் தெரிய, வளையமாக, மேலே சுற்றிலும் திராட்சைக் கொத்துகளோடு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் யாராவது நடந்தால் மெல்ல ஆடும்.

அந்தத் திராட்சைக் கொத்துகள் வந்தது ஒரு செம்பு அச்சிலிருந்து. கல்யாணமான புதிதில் ஃபார்கோ நகரத்துக் கடையொன்றின் கண்ணாடிக்குள் அதைப் பார்த்து, முட்டை விற்றுச் சேர்த்த காசில் வாங்கியிருக்கிறாள். புருஷன் எல்மரிடம் கேட்கவில்லை. எல்மர் கெட்டவரல்ல. டிராக்டருக்கு எது வேண்டுமானாலும் வாங்குவார், ஜெல்லிக்குத் தட்டையான பாத்திரம் போதாதா என்பார், அவ்வளவுதான். ஆர்டிஸ் தன் வாழ்க்கையில் வாங்கிய மற்றதெல்லாம் தேவைக்கு வாங்கியது. இது ஒன்றுதான் அழகுக்கு. ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "லவோன், இதைப் பார்த்தா எனக்கு சந்தோஷமா இருக்குடி" என்றாள். எங்கள் ஊரில் இப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்வது பெரிய விஷயம். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு, அச்சின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அழுத்தித் தேய்த்தாள். பாத்திரம் மாறிப் போகாமலிருக்க எல்லோரும் அப்படிப் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுவோம். அவளுடையதில் 'ஆர்டிஸ்' என்று இருக்கும்.

இந்த ஊரின் மரியாதை இருக்கிறதே, அது மனுஷனைக் கொன்றுவிடும். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான் நிஜமான பதில் வரும். தட்டில் கடைசித் துண்டு இருந்தால் ஒருத்தரும் எடுக்க மாட்டோம். பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்போம். அடுத்தவர் மீதியில் பாதி. கடைசியில் நகத்தளவு கேக் தட்டில் காய்ந்துபோய்க் கிடக்கும், அதை நான் குப்பையில் தட்டுவேன். ஆர்டிஸ் இந்த மரியாதையைக் கரைத்துக் குடித்தவள்.

இப்போது வெண்டல். ஆர்டிஸின் அண்ணன் பால்மரின் ஒரே மகன். சுவர், சாக்கு, தீவனத் தொட்டி என்று கண்டதிலெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்த பையன். படிப்பு முடிந்ததும் மினியாபொலிஸ் போய் விளம்பரப் பலகை எழுதும் கம்பெனியில் சேர்ந்தான். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒரு ரொட்டித் துண்டை வீட்டளவுக்கு வரைவான். வெண்ணெய் உருகுவது தனியாகத் தெரியும். நெடுஞ்சாலையில் போகும்போது பால்மர் காரை நிறுத்தி அதைப் பார்ப்பார், பார்த்துவிட்டு, "எப்ப இவன் உருப்படியா ஒரு வேலைக்குப் போவானோ" என்பார். பிறகு பையன் ஓவியனாகப் போகிறேன் என்று நியூயார்க்குக்குப் போனான். அங்கே ஓவியர்கள் எல்லோரும் துணியில் சாம்பல் நிறமும் கறுப்புமாகப் பூசிக்கொண்டிருந்தார்களாம், இவனும் பூசினான். யாரும் வாங்கவில்லை. ரொட்டி வரையத் தெரிந்தவன் சாம்பல் பூசினால் யார் வாங்குவார்கள்?

ஐம்பத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில் பால்மர் இறந்துபோனார். வெண்டல் ஒரு மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கியபடி வந்து சேர்ந்தான். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு வந்தவன் மேஜை நடுவில் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வரிசை தேங்கிவிட்டது.

"பாவம், அப்பாவை நினைச்சு உருகுறான்" என்றாள் வெர்னா. வெர்னா எங்கள் தேவாலயச் சமையலறையில் ஆர்டிஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தவள்.

"உருகட்டும், தள்ளி நின்னு உருகட்டும். நூடுல்ஸ் ஆறுது" என்றேன் நான்.

அவன் அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. குந்தி உட்கார்ந்து ஜெல்லியைப் பக்கவாட்டில் பார்த்தான். எழுந்து சுற்றி வந்து அந்தப் பக்கம் குந்தினான். விளக்கு வெளிச்சம் அதற்குள் போய்ப் பச்சையாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறான். பின்னால் அவனே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது இது. அன்று எங்களுக்கு அப்பாவைப் பறிகொடுத்தவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் தோன்றியது. எல்லோரும் போன பிறகு அவன் சமையலறைக்குள் வந்தான்.

"அத்தை, இந்த அச்சை எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தர்றீங்களா?"

"அட, அந்தப் பழசா? அது எதுக்குடா உனக்கு?"

"ஒண்ணு செஞ்சு பாக்கணும் அத்தை."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சுக்கோ."

எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், அடுத்த சாவுக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடு என்பதுதான். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த தடியனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அச்சைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டான்.

அங்கே போய் அந்த அச்சில் சுண்ணாம்புச் சாந்தை ஊற்றி வார்த்திருக்கிறான். அதற்கு மேல் காருக்கு அடிக்கிற பெயின்ட், பளபளவென்று, பச்சை, சிவப்பு, ஆரஞ்சு. காலியாகக் கிடந்த ஒரு இறைச்சிக் கடையை வாடகைக்கு எடுத்து, மடக்கு மேஜை போட்டு, காகித விரிப்பு விரித்து, சுண்ணாம்பு ஜெல்லிகளை வரிசையாக வைத்தான். சாவுச் சாப்பாடு என்று வாசலில் எழுதி வைத்தானாம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு பத்திரிகை வண்ணப்படம் போட்டது. அதன் பிறகு சிரித்தவர்களே அவன்தான் முன்னோடி, சாப்பாட்டு மேஜையைக் கலையாக்கிய முதல் ஆள் என்று எழுத ஆரம்பித்தார்கள்.

அந்தப் பத்திரிகை, பத்திரிகையும் விற்கிற எங்கள் மருந்துக்கடைக்கும் வந்தது. சமையலறையில் எல்லோரும் தலையை நுழைத்துப் பார்த்தோம்.

"வித்தியாசமா இருக்கு" என்றாள் வெர்னா. ஒரு பதார்த்தத்தைப் பற்றி எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமாகச் சொல்ல முடியாது.

ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "திராட்சை எல்லாம் சுத்தமா பதிஞ்சிருக்கு" என்றாள்.

"அது இருக்கட்டும், அச்சு எங்க?" என்றேன் நான்.

"அனுப்புவான்."

அனுப்பவில்லை. அடுத்தடுத்து சாவு விழுந்தது. ஆர்டிஸ் தன் ஜெல்லியைத் தட்டையான பாத்திரத்தில் செய்து சதுரமாக வெட்டிக் கொண்டுவந்தாள். சதுர ஜெல்லியை யார் நடுவில் வைப்பார்கள்? வெர்னா தபாலில் ஒரு அலுமினிய வளைய அச்சை வரவழைத்துவிட்டாள். பூ இல்லை, பழம் இல்லை, வெறும் மோட்டார் டயர் மாதிரி ஒரு வளையம். ஆனால் வளையம் வளையம்தானே! அவள் பாத்திரம் நடுவுக்குப் போயிற்று. ஆர்டிஸின் பாத்திரம் ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஊறுகாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவளும் அங்கே நின்றுகொண்டு, புது மருமகள்களுக்குக் கரண்டி எடுத்துக் கொடுத்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அச்சைத் திருப்பி அனுப்புடான்னு ஒரு வரி எழுதேன்" என்றேன்.

"அதெப்படிக் கேக்கறது? கேட்டா நல்லாவா இருக்கும்? அவனுக்குத் தேவையா இருக்கும்."

"உனக்குத் தேவை இல்லையா?"

"தட்டைப் பாத்திரத்துலயும் அதே ருசிதானே."

"அப்ப நான் எழுதறேன்."

"எழுதின, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன். நான் சொல்லித்தான் எழுதினன்னு நினைப்பான்."

கடைசியில் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் ஜாடையாக எழுதினாள். இந்த வருடம் வெர்னாவின் வளையம் நன்றாக இருந்தது, நான் என்னுடையதைத் தட்டையாகச் செய்து சதுரம் சதுரமாக வெட்டினேன், ருசி ஒன்றுதான், என்று. எங்கள் ஊர்க்காரன் யாராக இருந்தாலும் இதைப் படித்ததும் பதறிப்போய் அச்சைப் பார்சல் கட்டியிருப்பான். வெண்டல் என்ன செய்தான் தெரியுமா? ஒரு அறை முழுவதும் தரையில் சதுரம் சதுரமாகப் பச்சை ஜெல்லி செய்து பரப்பினான். மனுஷர்கள் அதன் நடுவே நடந்து போய்ப் பார்த்தார்களாம். முதல் கண்காட்சியைவிட இது பிரமாதம் என்று பேச்சு. பத்திரிகைத் துண்டை வெட்டி, 'உங்கள் கடிதம் தந்த யோசனை, நன்றி அத்தை' என்று எழுதி அனுப்பினான்.

அடுத்த வருடம் ஆர்டிஸ் இன்னும் கொஞ்சம் துணிந்தாள். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு கொக்கி வெறுமனே இருக்கிறது, தூசி துடைக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன், என்று எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டி, "ரொம்ப வெளிப்படையா இருக்கோ?" என்று கவலைப்பட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தத் தடியன் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கொக்கி செய்து, மஞ்சள் சுவரில் மாட்டி, வேறொன்றும் இல்லாமல் காட்சிக்கு வைத்தான். அதை ஐரோப்பாவுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். இல்லாததைக் காட்டுகிற கலை என்று ஒரு பேராசிரியர் புத்தகம் எழுதினாராம். இல்லாதது என்ன என்று அந்த மனுஷருக்கு நான் சொல்லியிருப்பேன்.

அதற்குள் அவனைப் பார்த்து ஊருக்கு ஊர் ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரிப் பையன்கள் தக்காளிச் சாஸ் பாட்டிலையும் பெட்ரோல் பம்பையும் பெரிது பெரிதாக வரைந்தார்கள். நெடுஞ்சாலை ஓட்டல்காரன் கூரைமேல் அப்பம் ஒன்றைப் பிளாஸ்டிக்கில் செய்து ஏற்றினான். ஒரு தடவை நகரத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்து, துக்க வீட்டுக்காரர்கள் நிற்கும்போதே, "கொஞ்சம் தள்ளுங்க, மேஜை மறைக்குது" என்றார்கள். கரண்டியால் போடலாம் போலிருந்தது. அவர்கள் படம் பிடித்தது வெர்னாவின் டயரை. இதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை ஆர்டிஸ் காபிக் கெண்டியோடு நின்று கேட்டாள். கேட்டுவிட்டு அவர்களுக்கும் காபி ஊற்றினாள்.

எல்மர் இறந்தபோது வெண்டல் விமானத்தில் வந்தான். பெரிய மலர்வளையம் கொண்டுவந்தான். அச்சு கொண்டுவரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் சமைக்கக் கூடாது என்பதால் அன்று ஆர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, நடுவில் ஆடிக்கொண்டிருந்த வெர்னாவின் ஜெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி வருஷத்துல எல்மர் கேட்டார், அந்தத் திராட்சை வச்சது ஏன் செய்யறதில்லன்னு" என்று வெண்டலிடம் சொன்னாள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித்தான் கேட்பாள்? அவன் அவள் தோளைத் தடவிக் கொடுத்தான். அடுத்த வருடம் பிரம்மாண்டமாக ஒற்றைத் திராட்சை செய்தான்.

எழுபத்து நான்கில் மினியாபொலிஸ் அருங்காட்சியகத்தில் வெண்டலின் அதுவரையான வேலை முழுவதையும் வைத்தார்கள். எங்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடப் பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். வெள்ளை வெள்ளையான அறைகள். சதுரங்கள், கொக்கி, திராட்சை எல்லாம் இருந்தன. கடைசி அறையில், தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், அச்சு. அடிப்பக்கமும் தெரியக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தார்கள். பழுத்துப்போன பிளாஸ்திரி, 'ஆர்டிஸ்' என்ற எழுத்து, எல்லாம் தெரிந்தன. பக்கத்து அட்டையில், 'கலைஞரின் சொந்தச் சேகரிப்பு' என்று அச்சடித்திருந்தது.

"சேகரிப்பாம் சேகரிப்பு!" என்றேன்.

"நல்லா மூடி வச்சிருக்காங்க. தூசி படாது" என்றாள் ஆர்டிஸ். கண்ணாடியில் விரலை வைத்துத் திராட்சைகளைத் தடவுவது போல் தடவினாள். காவலாளி தொடாதீர்கள் என்றான். "மன்னிச்சுக்கோங்க" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

வெண்டல் பேசினான். வெல்வெட் கோட்டு, நரைத்த தாடி. என் கலை தொடங்கியது இந்த அத்தையின் மேஜையில்தான் என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ஆர்டிஸ் தன் காலணியைப் பார்த்தாள். அவன் மேடையிலிருந்து இறங்கி நேரே வந்தான்.

"அத்தை, நான் உங்களுக்குன்னு ஒண்ணுமே செஞ்சதில்ல. என்ன வேணும், கேளுங்க."

"எனக்கென்னடா வேணும்? எல்லாம்தான் இருக்கே."

"நிஜமாத்தான் அத்தை. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"ஐயோ வேண்டாம்ப்பா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. அப்போது பார்த்து யாரோ புகைப்படக்காரன் கூப்பிட்டான். வெண்டல் அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். ஆர்டிஸ் கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"டேய் வெண்டல்!"

அந்த அறையில் என் குரல் சுவருக்குச் சுவர் மோதியது. எங்களோடு வந்திருந்த பாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மரியாதை போனால் போகட்டும்.

"என்னாச்சு?" என்றான் அவன்.

"இன்னொரு தடவை கேளுடா! ரெண்டு தடவை கேட்டுட்டுப் போறியே, நீ எந்த ஊர்ல பொறந்த?"

அவன் முகம் மாறியது. தாடிக்குள்ளிருந்து பால்மரின் பையன் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து ஆர்டிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அத்தை, என்ன வேணும்?"

அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தபடி, "நீ அதை உபயோகப்படுத்தலைன்னா... என் அச்சு" என்றாள்.

"எந்த அச்சு?"

கடவுளே! அவள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

"அதை நீங்க எனக்கே குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றான் வெண்டல்.

"கொஞ்ச நாளைக்குன்னு நீதானே கேட்ட."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொக்கியைப் பார்த்தான், சதுரங்கள் இருந்த அறைப் பக்கம் பார்த்தான். "அந்தக் கடுதாசி எல்லாம் இதைக் கேட்டுத்தானா அத்தை?"

"நான் எங்கே கேட்டேன்? சும்மா எழுதினேன்" என்றாள் ஆர்டிஸ்.

அருங்காட்சியகத்து இயக்குநர் ஓடிவந்தார். காப்பீடு என்றார், கண்காட்சி முடியட்டும் என்றார், மொத்தக் கலையின் மூலப்பொருள் இது என்றார். வெண்டல் எழுந்து, "திருப்பிப் பாருங்க, யார் பேர் எழுதியிருக்குன்னு" என்றான். சாவி வந்தது.

பேருந்தில் ஊர் வரைக்கும் அவள் அதை மடியிலேயே வைத்திருந்தாள். மடிப்புகளில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு திராட்சைக் கொத்து நசுங்கிப் போயிருந்தது. கைக்குட்டையை எச்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இத்தனை வருட எரிச்சல் இப்படி வெளியே வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் வெர்னாவின் புருஷன் போனார். வெர்னா சமைக்கக் கூடாத நாள். விளக்குக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. ஆர்டிஸ் யாரையும் கேட்காமல் நேரே கொண்டுவந்து தன் பச்சை ஜெல்லியை அங்கே வைத்தாள். நசுங்கிய கொத்து மட்டும் ஒரு பக்கம் சப்பையாக வந்திருந்தது. வெர்னா கறுப்பு உடையில் வரிசையில் வந்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்து, நசுங்காத பக்கத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். "திராட்சையோட பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

எல்லோரும் எடுத்து எடுத்துக் கடைசித் துண்டு மிஞ்சியது. யாரோ பாதியாக வெட்டப் போனார்கள். ஆர்டிஸ் காபிக் கெண்டியோடு அங்கே வந்தாள்.

"யாருக்காவது வேணுமா?"

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்" என்றோம் எல்லோரும், வழக்கம்போல.

அவள் மறுபடி கேட்கவில்லை. கெண்டியைக் கீழே வைத்தாள். அந்தத் துண்டை முழுசாக எடுத்து, நின்றபடியே, கடைசித் திராட்சை வரைக்கும் சாப்பிட்டாள். வெர்னா என்னைப் பார்த்தாள். நான் அச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய், கழுவித் துடைத்து, அடியில் புதுப் பிளாஸ்திரி ஒட்டி, அவள் பெயரைப் பெரிதாக எழுதினேன்.